ஐந்து பந்தும் உச்சியில் நின்ற கணம்: நம்மூர்க் கலை இரவு நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொங்கல் கலை இரவு ஏற்பாட்டுக் குழுவினருக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

நான் சுங்கை சிப்புட்காரன். கித்தா (ரப்பர்) தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நீங்கள் அண்மையில் நடத்திய திறமைப் போட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். முடிவை மாற்றச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. மூன்று தீப்பந்தங்களை வீசிப் பிடித்து முதல் பரிசு வாங்கிய தம்பி அதற்காகப் பல மாதம் உழைத்திருக்கிறான். அவன் ஆடி முடித்தபோது நானும் எழுந்து நின்று கைதட்டினேன். பரிசு அவனிடமே இருக்கட்டும்.

நான் எழுதுவது நான்காவதாக வந்த பிள்ளைக்காக. மூன்றாம் படிவம் படிக்கிற பெண். ஐந்து பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடித்து ஜக்லிங் செய்தாளே, அவள்தான். முடிவு அறிவித்த பிறகு மண்டபத்துக்குப் பின்னால், மோட்டார்கள் நிற்கும் இடத்தில், என்னிடம் வந்து, "சார், நான் எங்க தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். ஒரு பந்துகூடக் கீழே விழவில்லை. என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய் மருமகன் எடுத்த காணொலியை நிறுத்தி நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்தாறு நொடி, 221 பிடிகள். தப்பு எங்கேயும் இல்லை.

உங்கள் மதிப்பெண் தாளைப் பிறகு பார்த்தேன். உடை, மேடைப் பாவனை, புதுமை, பார்வையாளர் வரவேற்பு என்று நான்கு கட்டங்கள். செய்த காரியம் எவ்வளவு கடினம், அதை எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்குக் கட்டமே இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு யார் நடுவராக உட்கார்ந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும்.

நம் அப்பா அம்மாக்கள் காலத்தில் மரம் சீவுகிறவரை எப்படி மதிப்பிட்டார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒருவர் வெயில் ஏறுவதற்குள் மற்றவர்களைவிட ஒரு நிரை கூடுதலாகச் சீவி முடிப்பார். இன்னொருவர் மெதுவாகத்தான் போவார், ஆனால் அவர் சீவிய மரத்தில் பட்டை காயப்பட்டிருக்காது, வெட்டு ஒரே சாய்வில் இருக்கும், பத்து வருஷம் கழித்தும் அந்த மரம் பால் கொடுக்கும். வேலையை மேற்பார்க்கும் தண்டல் மரத்துக்கு மரம் குனிந்து வெட்டைப் பார்ப்பார். தள்ளி நின்று பார்த்தால் இரண்டு பேரும் ஒரே கத்தியால் ஒரே மரத்தைச் சீவுகிறவர்கள்தான். கிட்டப் போய்ப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் யார் கை எப்படி என்று தெரியும். ஜக்லிங்கையும் அப்படிக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

முதலில் கணக்கைச் சொல்கிறேன். தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் ஜக்லிங் பிரியர். பெல் ஆய்வுக்கூடத்தின் நடைகூடங்களில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் போய்க்கொண்டே பந்து வீசியவர். பந்து காற்றில் இருக்கும் நேரம், கையில் தங்கும் நேரம், கை வெறுமையாக இருக்கும் நேரம், கைகளின் எண்ணிக்கை, பந்துகளின் எண்ணிக்கை, இவை ஐந்தையும் ஒரே சமன்பாட்டில் கட்டிவைத்தார். அதை நம் மேடைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒவ்வொரு கையும் அரை நொடிக்கு ஒரு முறை வீசுகிறது, பந்து கையில் தங்குவது 0.35 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பந்துகளுக்கு வீச்சு 20 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். ஐந்து பந்துகளுக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேண்டும். ஏழுக்கு 2.4 மீட்டர். ஒன்பதுக்கு 4.4 மீட்டர். காற்றில் இருக்கும் நேரம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகும், அதனால்தான் இந்த ஏற்றம்.

உயரம் மட்டும் என்றால் பரவாயில்லை. கை ஒரே ஒரு பாகை கோணம் தவறியது என்று வையுங்கள். மூன்று பந்து வீச்சில் அந்தப் பந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி விழும், உள்ளங்கையே அதைச் சமாளித்துவிடும். ஐந்தில் 7 சென்டிமீட்டர், கையை நகர்த்த வேண்டும். ஒன்பதில் 30 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும், அதை எட்டிப் பிடிக்கப் போனால் அடுத்த பந்தும் கெட்டுவிடும். இப்போது அந்தப் பிள்ளையின் 221 பிடிகளைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். நொடிக்கு நான்கு வீச்சு, ஒவ்வொன்றும் ஒரே உயரம், கால் நின்ற இடத்தை விட்டு ஒரு சாண்கூட நகரவில்லை. ஐந்து பந்து வீசப் பழகுகிறவர்கள் பலர், முன்னால் போகும் பந்தைத் துரத்திக்கொண்டு மேடை முழுதும் நடப்பார்கள். அவள் நடக்கவில்லை. நடக்காமல் இருந்ததுதான் வித்தை. கீழே இருந்து பார்க்கிறவருக்கு அது ஒன்றும் செய்யாததுபோலத் தெரிகிறது.

அப்புறம் கடைசி வித்தை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கே பொருள் இல்லை.

ஜக்லிங்கில் வீச்சுகளை எண்களால் எழுதும் முறை ஒன்று இருக்கிறது. 1980களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒருவரை ஒருவர் அறியாமலே சிலர் கண்டுபிடித்தது. பெயர் சைட்ஸ்வாப். தவில்காரர் அட்சரம் எண்ணுவதைப் போல எண்ண வேண்டும். ஒரு பந்தை வீசியபின் எத்தனையாவது அட்சரத்தில் அதே பந்து மறுபடி வீசப்படுகிறதோ, அந்த எண்ணே அந்த வீச்சின் பெயர். வரிசையில் உள்ள எண்களின் சராசரி எதுவோ, அத்தனை பந்துகள். அவள் செய்தது 9, 7, 5, 3, 1. கூட்டினால் 25, ஐந்தால் வகுத்தால் ஐந்து பந்து. முதல் பந்து மிக உயரம், அடுத்தது அதைவிடத் தாழ்வு, அதற்கடுத்தது இன்னும் தாழ்வு, கடைசிப் பந்து ஒரு கையிலிருந்து மறுகைக்கு அப்படியே தாவும். இதில் அழகு என்னவென்றால், முதலில் போனது உயரமாகப் போகிறது, பின்னால் போனது குறைவாகப் போகிறது, அதனால் ஐந்தும் ஒரே கணத்தில் தத்தம் உச்சியைத் தொடுகின்றன. ஐந்து பந்தும் ஆட்டக்காரரின் முகத்துக்கு நேரே ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே கோட்டில் நிற்கும். கோயில் கோபுரத்து நிலைகளைப் போல. பிறகு கடைசியாகப் போனது முதலில் இறங்கும், முதலில் போனது கடைசியில் இறங்கும்.

அந்தக் கணம் கண் இமைப்பதைவிடக் கொஞ்சம்தான் நீளம். காணொலியில் நிறுத்தினால்தான் நிதானமாகப் பார்க்க முடியும். நீங்கள் மதிப்பெண் எழுதக் குனிந்திருந்தால் அது போய்விட்டது. அவளுக்கு அது கைகூட எட்டு மாதம் ஆயிற்று. பச்சைப்பயறு நிரப்பித் தானே தைத்த துணிப் பந்துகள், ஒவ்வொன்றும் 120 கிராம், சமையல் தராசில் நிறுத்துப் பார்த்துத் தைத்தவை. போட்டியன்று மாலையே வந்து மேடைக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த தோரணம் தன் முதல் பந்துக்கு இடிக்கும் என்று சொல்லித் தூக்கிக் கட்டச் சொன்னாள். உடனே ஏணி வைத்துக் கட்டிக்கொடுத்த உங்கள் தொண்டருக்கு இந்த இடத்தில் நன்றி சொல்கிறேன்.

சரி, அப்படியானால் பந்துகளை எண்ணி, அதிகம் வைத்திருப்பவருக்கே பரிசு கொடுத்துவிடலாமா? அதுவும் தவறு. உலகத்தில் உச்சியைத் தொட்டவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தால் இது புரியும். எனக்கு இந்தக் கலையில் இருக்கும் பிடிப்பே அந்த ஒப்பீட்டில்தான் தொடங்கியது.

இங்கிலாந்தின் அலெக்ஸ் பாரன் 2017-ல் 14 பந்துகளை வீசி, ஒவ்வொன்றையும் ஒரு முறை பிடித்தார். இதை ஃபிளாஷ் என்பார்கள். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில நொடிக்குள் இரண்டு கைகளும் பதினான்கு முறை ஏறக்குறைய பிழையே இல்லாமல் வீச வேண்டும். அமெரிக்காவின் அந்தோனி கேட்டோ 2006-ல் கைப்பிடி வைத்த ஏழு கட்டைகளை 4 நிமிடம் 24 நொடி விடாமல் வீசினார். கட்டை என்பது பந்து மாதிரி இல்லை. காற்றில் சுழன்று, பிடி கைக்கு நேரே வரும்படி இறங்க வேண்டும், சுழற்சி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தலைப்பக்கம் கையில் வந்து மோதும். இந்த இரண்டு பேரில் யார் பெரியவர்? நிரை அதிகம் சீவியவரா, பட்டை காயப்படாமல் சீவியவரா என்று கேட்பதைப் போலத்தான் இது. பாரனின் சாதனை எண்ணிக்கையின் எல்லை. கேட்டோவின் சாதனை நிதானத்தின் எல்லை. என்னைக் கேட்டால் கேட்டோ பக்கம்தான் நிற்பேன். ஏழு கட்டைகள் ஆடும்போதும் அவர் தோள் ஏறாது, முகம் இறுகாது, முடிக்கும்போது ஒவ்வொரு கட்டையாகக் கையில் வந்து அடங்கும். 2000-ல் மோன்டே கார்லோ சர்க்கஸ் விழாவின் தங்கக் கோமாளி விருது அவருக்குக் கிடைத்தது.

இவர்களுக்கு முன்னால் என்ரிக்கோ ராஸ்தெல்லி. இத்தாலிய சர்க்கஸ் குடும்பத்தில், ரஷ்யாவின் சமாராவில் 1896-ல் பிறந்து, 1931-ல் 34 வயதில் இறந்துபோனார். அவர் 10 பந்துகள் வீசியதாகச் சொல்லப்படுகிறது. இன்று காணொலி இல்லாமல் எந்தச் சாதனையையும் ஏற்பதில்லை, அதனால் அவரை எண்ணிக்கைப் பட்டியலில் வைத்துப் பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை. அவருடைய பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. ஜப்பானியக் கலைஞர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட, வாயில் கவ்விய கோலில் பந்தைத் தாங்கும் வாய்க்கோல் வித்தையும், பெரிய பந்துகளைத் தலை, தோள், முழங்கால், பாதம் என்று உடம்பு முழுதும் ஓடவிட்டதும்தான் அவர் கொடுத்த கொடை. கைக்கு மட்டும் சொந்தமாக இருந்த கலையை அவர் உடம்பு முழுவதற்கும் கொடுத்தார்.

ஜெர்மனியின் பிரான்சிஸ் புரூன் எதிர்த்திசையில் போனார். எத்தனையோ பொருள்களை ஒரே நேரத்தில் கையாண்டவர், போகப் போகப் பொருள்களைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரே ஒரு பந்தை வைத்து ஸ்பெயினின் ஃபிளமெங்கோ நடனக்காரரின் நிமிர்வோடு ஆடினார். அவருக்கு உங்கள் தாளில் என்ன மதிப்பெண் விழும்? எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் தாளில் என்ன விழும்? இரண்டிலும் குறைவாகத்தான் விழும். ஆனால் ஜக்லிங் தெரிந்தவர்கள் அவரை மிகப் பெரியவர்களில் ஒருவராக வைக்கிறார்கள். கண்ணாடிபோல் தெளிந்த பந்துகளைக் கையில் உருட்டி ஆடிய மைக்கேல் மோஷன், படைப்பாளிகளுக்கு அமெரிக்காவில் வழங்கும் மெக்ஆர்தர் நல்கையை 1990-ல் பெற்றார். மூன்றே பந்தில் கைகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி வீசும் 'மில்ஸ் மெஸ்' என்ற வீச்சை எத்தனையோ பேர் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். ஆக, மூன்று பந்து என்றால் சுலபம் என்றும் சொல்லிவிட முடியாது. எத்தனை, எவ்வளவு நேரம், என்ன கோலம், எவ்வளவு சுத்தம், யாரும் செய்யாத எதைச் செய்தார் என்று சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தீப்பந்தத் தம்பி வீசியது மூன்று கட்டைகளுக்குரிய அடிப்படைக் குறுக்கு வீச்சு. அதில் நெருப்பின் துணிச்சல் இருந்தது, அதற்குரிய மதிப்பெண் கொடுக்க வேண்டியதுதான். அதோடு வீச்சின் கடினத்தையும் தனியாக ஒரு கட்டத்தில் எழுதியிருந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் நியாயம் கிடைத்திருக்கும்.

வெளியே எப்படிச் செய்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். ஜேசன் கார்பீல்டு 2000-ல் தொடங்கிய உலக ஜக்லிங் கூட்டமைப்பின் போட்டிகள் நுட்பத்துக்கே முதலிடம் கொடுத்தன. அங்கே நாடகப் பாவனைக்கு மதிப்பெண் கொடுக்கவில்லை, பந்து விழுந்தால் குறைத்தார்கள். 1947-ல் தொடங்கிய அனைத்துலக ஜக்லர்கள் சங்கத்தின் மேடைப் போட்டியில் ஆடிக் காட்டும் விதமும் கணக்கில் வரும், கடினமும் கணக்கில் வரும். நம்முடையது குடும்பத்தோடு வந்து பார்க்கும் பொங்கல் மேடை, அதனால் இரண்டாவது வழியே நமக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று மனத்தில் உறுத்துகிறது. அன்று ஒலிபெருக்கியில் நடுவர் ஒருவர், இது வெளிநாட்டு விளையாட்டு, நம் பண்பாட்டை ஒட்டி ஏதாவது செய்திருக்கலாம் என்று அந்தப் பிள்ளைக்கு அறிவுரை சொன்னார். ஐயா, உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை கொடுத்தே சொல்கிறேன், அம்மானை யாருடைய விளையாட்டு? பாடிக்கொண்டே காய்களை மேலே வீசிப் பிடித்தவர்கள் நம் பெண்கள். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானைக்கு என்று ஒரு பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள் புலவர்கள். திருவாசகத்தில் திருவம்மானை இருக்கிறது. என் பாட்டி லயத்து வாசலில் உட்கார்ந்து மூன்று கித்தாக்கொட்டைகளை மாற்றி மாற்றி வீசுவார், நாங்கள் வாயைப் பிளந்து பார்ப்போம். நாங்களே மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றிப் பந்து செய்து வீசியிருக்கிறோம். இன்று உலகம் முழுக்க ஜக்லர்கள் வீசும் கட்டைகூட, ஆங்கிலேயச் சிப்பாய்கள் நம் ஊரில் பார்த்து எடுத்துப்போன கர்லாக்கட்டையின் வழியில் வந்ததுதான்.

பெண்களுக்கும் இந்தக் கலைக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. எகிப்தின் பெனி ஹசான் கல்லறைச் சுவரில், ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்பு வரைந்த ஓவியத்தில் பந்து வீசுகிறவர்கள் பெண்கள். பசிபிக் கடலின் தோங்கா தீவுகளில் பெண்பிள்ளைகள் பாடிக்கொண்டே காய்களை வீசுவார்கள், ஹிக்கோ என்று அதற்குப் பெயர். பிரான்சிஸ் புரூனோடு 1948-ல் அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸுக்கு வந்த அவருடைய தங்கை லாட்டி புரூன் தனியாகவே பெரிய ஆட்டக்காரியானார். இதையெல்லாம் நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். நடுவரின் அறிவுரைதான் அவள் மனத்தில் நிற்கிறது. மேடையிலிருந்து வந்த சொல் அல்லவா.

அந்தோனி கேட்டோவைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உலகம் கண்ட மிகச் சிறந்த ஜக்லர் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் அந்த மனிதர் பந்துகளை வைத்துவிட்டு ஃபுளோரிடாவில் கான்கிரீட் தொழில் தொடங்கினார். அதற்கு அவருக்கு அவருடைய காரணங்கள். ஆனால் அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு உயரத்தில் இருந்த கையே வேறு வேலைக்குப் போய்விடும் என்றால், பதினைந்து வயதுக் கை எத்தனை நாள் தாங்கும்? போட்டிக்குப் பிறகு இரண்டு வாரம் அவள் பந்துகளைத் தொடவில்லை.

அடுத்த ஆண்டுக்கு நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியம் இல்லை. மதிப்பெண் தாளில் கடினம் என்று ஒரு கட்டம், சுத்தம் என்று ஒரு கட்டம் சேருங்கள். போட்டியாளர் என்ன செய்யப் போகிறார் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வாங்கி நடுவர் மேசையில் வையுங்கள், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். ஆட்டம் முடியும்வரை பேனாவைத் தொடாமல் பாருங்கள், எழுதுவதற்குப் பிறகு ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவர்களில் ஒருவராவது மூன்று பந்து வீசப் பழகியவராக இருந்தால் நல்லது. ஒரு வாரம், நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் பெரும்பாலோருக்கு வந்துவிடும், நானே வந்து சொல்லித் தருகிறேன்.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜக்லர் கையைப் பார்ப்பதில்லை, பந்து உச்சிக்கு வரும் இடத்தைத்தான் பார்க்கிறார். முன்னாலிருந்து மேல்நோக்கி அடிக்கும் விளக்கு அந்த இடத்தை அப்படியே மறைத்துவிடும். பக்கவாட்டிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். பந்து வீசுகிறவர் ஆடும்போது புகை இயந்திரம் வேண்டாம். அன்று அவள் கடைசி வித்தையைப் புகைக்குள்தான் செய்தாள்.

இந்த வாரம் அவள் மறுபடி பயிற்சிக்கு வந்திருக்கிறாள். சனிக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்குப் பழைய திடலில் இருப்போம். நீங்கள் எல்லாரும் ஒரு நாள் வாருங்கள், குடும்பத்தையும் கூட்டி வாருங்கள். 9, 7, 5, 3, 1-ஐ உங்களுக்காகப் பத்து முறை செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். கைப்பேசியை மெதுவாக ஓடும் காணொலிக்கு மாற்றிவைத்து எடுங்கள், ஐந்து பந்தும் ஒரே கோட்டில் நிற்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மழை வந்தால் பக்கத்துப் பூப்பந்துக் கூடத்துக்குப் போய்விடுவோம். அங்கே கூரை போதுமான உயரம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.